விடுதலைச் சான்றிதழுக்குப் பிறகு

நாஞ்சில் நாட்டில் ஓலை எழுதி மனிதரை விற்ற காலம் ஒன்று இருந்தது என்று சொன்னால், இன்றைய இளைஞர் பலர் நம்பத் தயங்குவர். அழகியபாண்டிபுரத்துப் பெரிய வீட்டு முதலியார் குடும்பத்தில் காக்கப்பட்டு வந்த ஓலைச் சுவடிகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் தேடிப் படித்தார்கள். பிற்காலத்தில் ஆய்வாளர் அ. கா. பெருமாள் அவர்கள் முதலியார் ஓலைகளைப் பதிப்பித்து யாவரும் படிக்கும்படி செய்தார்கள். அவற்றில் நிலம் விற்ற ஆவணங்கள் இருப்பது போலவே ஆள் விற்ற ஆவணங்களும் இருக்கின்றன. திருவிதாங்கூர் நாட்டில் அடிமைகளை அறுதியாக விற்றனர்; ஒற்றிக்கு வைத்தனர்; பாட்டத்திற்கும் விட்டனர். நெல் வயலுக்கு வழங்கிய சொற்களே உழுதவனுக்கும் வழங்கின. 1836-ஆம் ஆண்டில் எடுத்த கணக்கின்படி திருவிதாங்கூரின் மக்கள்தொகை 12,80,668. அவர்களுள் அடிமைகள் 1,64,864 பேர். எட்டுப் பேரில் ஒருவர் பிறர் உடைமை என்று கணக்கு முடிகிறது.

பழங்கதையை இம்மாத இதழில் கிளறுவானேன் என்று அங்கத்தினர் கேட்கக்கூடும். ஆள் கடத்தலைத் தடுக்கவும், அதற்கு ஆளாகி மீண்டவர்களுக்கு வாழ்வளிக்கவும் அரசு இயற்றும் சட்டங்களைப் பற்றி இப்பொழுது பரவலாகப் பேசப்படுகிறது. சட்டம் போதுமா, போதாதா என்று வாதிடுவோர் தில்லியையும் சென்னையையும் நோக்கியே பேசுகின்றனர். நெய்யூரிலிருந்து நோக்கினால் இவ்விஷயம் சற்று வேறாகத் தெரிகிறது என்பது நம் அபிப்பிராயம். ஏனெனில், சட்டம் போட்டு மனிதரை விடுவித்த அனுபவம் இந்த மண்ணுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக உண்டு. அந்த அனுபவம் நமக்குச் சொல்லும் பாடத்தை நாம் இன்னும் முழுதாகப் படிக்கவில்லை.

1812-ஆம் ஆண்டில் ராணி கௌரி லட்சுமிபாய் ஆட்சியில் அடிமை வாணிகத்தைத் தடுத்து விளம்பரம் வெளியாயிற்று. திருவிதாங்கூரில் அரச ஆணைக்கு விளம்பரம் என்பதே பெயர். ஆனால் விவசாயத்தில் கட்டுண்டு கிடந்த அடிமைகளுக்கு அது பொருந்தாது என்று விலக்கும் அளிக்கப்பட்டது. அடிமைகளில் மிகப் பெரும்பாலோர் வயலில் கிடந்தவர்களே. ஆகவே அந்த விளம்பரத்தால் கதவு திறந்தது, உள்ளிருந்தவர் வெளியே வர முடியவில்லை. 1843-இல் பிரிட்டிஷ் இந்தியாவில் அடிமை முறையைச் சட்டம் ஏற்க மறுத்தது. 1847-இல் நெய்யூர், நாகர்கோவில் முதலிய இடங்களில் பணியாற்றிய லண்டன் மிஷனரிமார் மகாராஜாவுக்கு விண்ணப்பம் அனுப்பினர். உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மா மகாராஜா 1853-இல் ஒரு விளம்பரமும், 1855-இல் மற்றொரு விளம்பரமும் பிறப்பித்தார். பின்னதனோடு அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. முதல் விளம்பரத்திற்கும் கடைசி விளம்பரத்திற்கும் இடையே நாற்பத்து மூன்று ஆண்டுகள் கடந்தன.

அதன் பின் நடந்ததென்ன? விடுதலை பெற்றவனுக்கு ஒரு செண்டு நிலம் இல்லை. குடியிருந்த குடிசையும் பண்ணையார் நிலத்திலேயே நின்றது. விதைநெல்லுக்கும் கலியாணத்திற்கும் சாவுக்கும் கடன் கொடுக்கப் பழைய எசமானனை விட்டால் வேறு ஆள் இல்லை. எனவே நேற்று அடிமையாக உழுத வயலையே அவன் இன்று கடனாளியாக உழுதான். விளம்பரம் பொய்யென்று சொல்ல நாம் வரவில்லை. அது பெருஞ்செயல். ஓலை எழுதி விற்பதை அது நிறுத்தியது. ஆனால், விடுதலை பெற்றவன் மறுநாட் காலையில் எங்கே போவான் என்ற கேள்விக்கு அதில் விடை எழுதப்படவில்லை.

அந்த விடையை வேறொருவர் வேறொரு வகையில், மிகச் சிறிய அளவில், அதற்கு முன்னரே எழுதிக் காட்டியிருந்தார். நாகர்கோவிலில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்திய மார்த்தா மால்ட் அம்மையார் அங்கே லேஸ் பின்னல் கற்பித்தார். நெய்யூரில் மீட் குடும்பத்தாரின் பள்ளியிலும் கைவேலை கற்பிக்கப்பட்டது. அடிமைக் குடும்பங்களிலிருந்து வந்த சில பெண்கள் பின்னல் வேலையில் கிடைத்த கூலியைச் சேர்த்துத் தங்கள் விலையைத் தாங்களே செலுத்தி விடுதலை பெற்றனர் என்பது அக்காலக் குறிப்புகளில் உள்ள செய்தி. மிஷனின் மதப்பணி பற்றி அவரவர்க்கு அவரவர் அபிப்பிராயம் இருக்கலாம்; அது இவ்விதழின் விஷயமன்று. நூலையும் ஊசியையும் கையில் எடுத்து, கூலியைத் தன் கையில் வாங்கிய பெண் யாருடைய விளம்பரத்திற்கும் காத்திருக்கவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. நெசவாளர் சங்கத்து இதழில் இதை எழுதும்போது நமக்குச் சற்றுப் பெருமிதமாகவும் இருக்கிறது. அவர்கள் கையில் இருந்தது நம் தொழிலின் நூல்.

கடல் கடந்து சென்ற தமிழரின் கதையும் இதையே சொல்கிறது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிமார் முன்பணம் கொடுத்து ஆள் கூட்டிச் சென்றனர். தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் போக வேண்டுமானால், அவன் கடனைத் தீர்த்தால் விடுவிப்போம் என்று முதல் தோட்டத்தார் எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். அதற்குத் துண்டு என்று பெயர். புதிய தோட்டத்தார் அக்கடனைக் கட்டுவர். தொழிலாளி கடனோடு கைமாறுவான். ஓலையில் எழுதிய விலை, துண்டில் எழுதிய கடனாயிற்று, வேறுபாடு அவ்வளவே. 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டு முறை ஒழிந்தது. மனிதரைக் கட்டி வைக்கும் கயிறு சங்கிலியாக இருக்க வேண்டியதில்லை. ஒரு முன்பணக் கணக்கே போதும் என்பதை நம் முன்னோர் இரண்டு நாடுகளில் கண்டனர்.

இனி இன்றைய சட்டங்களுக்கு வருவோம். அரசியலமைப்பின் 23-ஆவது உறுப்பு மனித வாணிகத்தையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. பெண்களையும் சிறுமியரையும் விலைமாதர் தொழிலுக்குக் கடத்துவதை எதிர்த்து 1956-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதற்கும் முன்பே, 1930-இல், சென்னை மாகாணத்தில் அத்தகைய சட்டம் ஒன்று இயற்றப்பட்டது என்பதைத் தமிழர் மறக்கலாகாது. அக்காலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சட்டமன்றத்தில் பேசியதோடு நின்றிருந்தாலும் அவர் புகழுக்குக் குறைவிராது. ஆனால் பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த சிறுமியருக்கு விடுதிகள் இடம் தர மறுத்தபோது, அவர் தம் வீட்டிலேயே அவர்களை வைத்துக்கொண்டார். அதிலிருந்து அவ்வை இல்லம் பிறந்தது. சட்டம் இயற்றும் கையும் சோறு போடும் கையும் ஒருவருக்கே அமைந்தது அபூர்வம்.

2013-இல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-ஆவது பிரிவு திருத்தப்பட்டது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவு வந்திருக்கிறது. ஆள் கடத்தலுக்கு ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை. சிறுவர் சிறுமியரைக் கடத்தினால் பத்து ஆண்டுக்குக் குறையாத சிறை. தண்டனையில் குறை சொல்வதற்கில்லை. எனினும் சுரண்டல் என்பதற்கு அப்பிரிவு தரும் விளக்கத்தில் அடிமைத்தனம், உறுப்புத் திருட்டு, பிச்சை எடுக்க வைத்தல் எல்லாம் பெயர் சொல்லி வருகின்றன. கட்டாய உழைப்பு என்ற சொல் வரவில்லை. ஆலையிலும் சூளையிலும் அடைபட்டவர் வழக்கு அடிமைத்தனம் என்ற சொல்லுக்குள் அடங்குமா என்று வக்கீல்கள் வாதிடட்டும். கடத்தலைத் தடுப்பதோடு மீண்டவர் மறுவாழ்வையும் ஒரே சட்டத்தில் அடக்கும் மசோதா ஒன்று 2018 ஜூலையில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையைத் தாண்டாமல் 2019-இல் காலாவதியாயிற்று. 2021-இல் வெளியிட்ட மறு வரைவும் சட்டமாகவில்லை.

ஆகவே ஆலை, சூளை, அரிசி ஆலை, மரவெட்டு ஆகிய இடங்களில் கட்டுண்டவர்க்கு இன்றைக்கும் நேரான துணை 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டமே. அதை ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்குமாறு அங்கத்தினரை வேண்டுகிறோம். நாம் படித்தோம், நமக்குத் தெரியாத நம் பெயரை அதில் கண்டோம். மாவட்டத்திலும் ஒவ்வொரு கோட்டத்திலும் ஒரு கண்காணிப்புக் குழு அமைய வேண்டும் என்று 13-ஆவது பிரிவு கூறுகிறது. அதில் மாவட்டத்தின் நிதி, கடன் நிறுவனங்களின் சார்பில் ஒருவர் இருக்க வேண்டும். அடுத்த பிரிவு அக்குழுவின் கடமைகளைச் சொல்லும்போது, விடுவிக்கப்பட்டவர்களுக்குப் போதிய கடன் கிடைக்கும்படி ஊரக வங்கிகளின் பணியையும் கூட்டுறவுச் சங்கங்களின் பணியையும் இணைக்க வேண்டும் என்கிறது. கூட்டுறவுச் சங்கம்! நாடாளுமன்றம் போலீசை நம்பியதோடு நில்லாமல் நம்மையும் நம்பியிருக்கிறது. ஐம்பது ஆண்டுகளாக அந்த நம்பிக்கை ஏட்டில் உறங்குகிறது. நம் மாவட்டத்தில் எத்தனை சங்கங்களின் நிர்வாகக் குழுக்கள் இப்பிரிவைத் தம் கூட்டத்தில் ஒருமுறையேனும் படித்திருக்கும்? நம் சங்கம் படித்ததில்லை. இதை நாணத்துடனேயே எழுதுகிறோம்.

அச்சட்டத்தில் குறைகளும் உண்டு. கொத்தடிமையாக வேலை வாங்கியவனுக்கு மூன்று ஆண்டு வரை சிறையும், இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதமும் என்று 1976-இல் எழுதினர். அன்று இரண்டாயிரம் ரூபாய்க்கு ஓர் எடை இருந்தது. இன்று ஒரு லோடு செங்கலுக்கும் அது காணாது. அபராதத் தொகையைத் திருத்த அரை நூற்றாண்டு போதவில்லை போலும்!

மறுவாழ்வுத் திட்டத்தைப் பார்த்தால், மீட்கப்பட்ட ஆண் தொழிலாளிக்கு ஓர் இலட்சம், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் இரண்டு இலட்சம், மிகக் கொடிய சுரண்டலுக்கு உள்ளானவர்க்கு மூன்று இலட்சம் என்று 2016-இல் மத்திய அரசு வகுத்தது. உடனடி உதவித் தொகை அப்பொழுது இருபதாயிரம். 2022 முதல் முப்பதாயிரம் வரை. கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் உடனடித் தொகை போக மீதி, வழக்கின் போக்கையும் கொத்தடிமை நிலை மெய்ப்பிக்கப்படுவதையும் சார்ந்து நிற்கிறது. குற்றவாளியின் தண்டனைக்கும் துன்பப்பட்டவளின் சோற்றுக்கும் ஏன் ஒரே முடிச்சு? வழக்கு ஐந்து ஆண்டு நடக்கலாம், சாட்சி பிறழலாம், வக்கீல் வாய்தா கேட்கலாம். கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்றிதழில் கையெழுத்திட்ட அன்றே, இவள் கட்டுண்டிருந்தாள் என்று அரசு ஒப்புக்கொண்டு விட்டது. அதன் பின் அவள் பங்குத் தொகையைப் பிடித்து வைப்பது நியாயமாகாது. தமிழக அரசு இவ்விஷயத்தில் மத்திய அரசின் கையை எதிர்பார்த்திராமல், தன் சொந்தச் சட்டத்தால் இம்முடிச்சை அவிழ்க்க வேண்டும். சான்றிதழ் வழங்கிய மூன்று மாதத்திற்குள் முழுத் தொகையும் மாநில நிதியிலிருந்து கொடுத்து, பின்னர் மத்திய அரசிடம் கணக்குத் தீர்த்துக்கொள்ளட்டும். சட்டம் இயற்றுவோரிடம் நாம் கேட்பது இதுவே. இதற்கு மேல் கேட்க நமக்கு நா எழவில்லை. ஏனென்றால் அடுத்துச் சொல்ல வேண்டியவை எல்லாம் நம்மைப் பற்றியவை.

நம் தறியில் ஓடும் நூல் எங்கே நூற்கப்பட்டது என்று நம்மில் யாருக்காவது தெரியுமா? சிட்டா நூல் மூட்டை வந்திறங்குகிறது. எண் பார்க்கிறோம், விலை பார்க்கிறோம், முறுக்குப் பார்க்கிறோம், பாவு ஓட்டுகிறோம். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களின் நூற்பாலைகளில் பலவற்றில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்ததை நாடறியும். தென் மாவட்டங்களின் ஏழை வீடுகளிலிருந்து இளம் பெண்களைத் தரகர் கூட்டிச் செல்வர். மூன்று ஆண்டு ஆலை விடுதியிலேயே தங்கி வேலை செய்தால், முடிவில் மொத்தமாக ஒரு தொகை. அது கலியாணச் செலவுக்காகும் என்பது வாக்கு. மூன்று ஆண்டுக்கு ஒரு நாள் குறைந்தாலும் தொகை கிடைப்பது அரிது. வெளியே போகத் தடை, பெற்றோரோடு பேசவும் கட்டுப்பாடு, பஞ்சுத் தூசியில் இரவு முறை. சுமங்கலி என்ற மங்கலச் சொல்லை இப்படி ஒரு காரியத்திற்குச் சூட்டியவன் யாரோ, அவன் தமிழுக்கும் தீங்கு செய்தான். ஆய்வறிக்கைகளும் வழக்குகளும் வெளிநாட்டு வாங்குவோரின் நெருக்குதலும் சேர்ந்து, பெயர்ப்பலகை இப்பொழுது பெரும்பாலும் இறங்கியிருக்கிறது. விடுதியில் அடைத்து வேலை வாங்கும் வழக்கமோ வேறு பெயர்களில் இன்னும் நீங்கியபாடில்லை. உள்ளூர்ப் பெண்கள் குறைந்த இடத்தில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பெண்கள் வருகின்றனர்.

ஆலை முதலாளியைக் குறை கூறிக் கையைத் துடைத்துக்கொள்ள நெசவாளர்க்கு எளிதாக இருக்கும். நம் தறியடியிலும் இது நடந்தது. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் சிறுவர்களை முன்பணத்திற்கு ஈடாக உட்கார்த்தி வைத்த வழக்கம், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட அயல்நாட்டு மனித உரிமைக் கழகத்தாரின் அறிக்கையில் இடம் பெறும் அளவுக்கு இருந்தது. பெற்றோர் சில ஆயிரம் ரூபாய் வாங்குவர். பிள்ளை அக்கடன் தீரும் வரை சேலைக்கு ஊடை போடுவான். தறிக்குழியில் இறங்கிய காலை வைத்தே அவன் வளர்ந்தான். அரசும் தொண்டர்களும் பள்ளிகளும் முயன்று அந்நிலையைப் பெரிதும் மாற்றியிருக்கின்றனர். 1995-இல் உச்ச நீதிமன்றம் நியமித்த ஆணையர்கள் தமிழ்நாட்டில் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட கொத்தடிமைகள் உள்ளனர் என்று அறிக்கை தந்தபோது, நம்புவோரும் நம்பாதோருமாகப் பலர் சண்டையிட்டனர். எண்ணில் பிழை இருக்கலாம் என்று சொன்னவர்கள், எண்ணப்பட்டவர்களைப் போய்ப் பார்த்தார்களா என்பது வேறு கேள்வி.

பயிரிடுவோரும் தப்ப முடியாது. இன்று நம் ரப்பர்த் தோட்டத்திலும் வாழைத் தோப்பிலும் வீடு கட்டும் இடத்திலும் வட நாட்டுத் தொழிலாளர் இல்லாத ஊர் இல்லை. தரகன் மூலம் ஆள் வருகிறது; கூலியைத் தரகன் கையில் கொடுக்கிறோம். தொழிலாளி கைக்கு எவ்வளவு போகிறது, ஊரில் அவன் வீட்டாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுக்கப்பட்டது என்று கேட்பதில்லை. கேட்டால் தரகன் அடுத்த மாதம் ஆள் அனுப்பமாட்டான் என்ற அச்சம் நமக்கு. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு ஆலைக்கு மட்டும் உரியதன்று, தென்னந்தோப்புக்கும் உரியது.

அதே வேளையில் நம் பிள்ளைகளும் வெளிநாட்டில் இதே வலையில் விழுகின்றனர். குமரி மாவட்டத்தில் வளைகுடா நாட்டுக்கு ஆள் அனுப்பாத கிராமம் அரிது. 2022-இல் நல்ல சம்பளம் என்று சொல்லித் தாய்லாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட தமிழ் இளைஞர் சிலர், மியான்மரின் மியாவாடியில் கணினி மோசடிக் கூடங்களில் அடைபட்டு, பிறகு மீட்கப்பட்டதைப் பத்திரிகைகளில் படித்தோம். அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். வாங்கத் தக்க கட்டணம் முப்பதாயிரம் ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே. இலட்சக்கணக்கில் கேட்பவனிடம் நிலத்தை அடகு வைத்துப் பணம் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முன் பதிவு எண்ணைக் கேளுங்கள். நம் சங்கத்தில் நகைக்கடன் கேட்டு வருவோரிடம், இது எதற்கு என்று செயலாளர் ஒரு வார்த்தை விசாரித்தால் ஒரு குடும்பம் பிழைக்கலாம்.

இனி நம் சங்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு ஒரு தாய் தம் மகளை அழைத்துக்கொண்டு அலுவலகத்திற்கு வந்தார். அப்பெண் பதினாறு வயதில் தரகன் ஒருவனால் மேற்கு மாவட்டத்து நூற்பாலை ஒன்றுக்குப் போனவள். இரண்டரை ஆண்டில் உடல் நலிந்து திரும்பினாள். பேசிய தொகை கிடைக்கவில்லை. "ஐயா, இவளுக்கு ஒரு தறி குடுத்தா நெய்வா. கை வேலை வேகம். கூலி அவ கையில வந்தாப் போதும்" என்று அந்தத் தாய் கேட்டார். நாம் உபவிதிகளைப் புரட்டினோம். வீட்டில் தறி இருக்க வேண்டும். இல்லையென்றால் தறி வாங்கக் கடனுக்கு இரண்டு ஜாமீன்தார் வேண்டும். இருவரும் அங்கத்தினராக இருக்க வேண்டும். அவர்களுக்கு யாரும் ஜாமீன் நிற்கவில்லை. நிர்வாகக் குழுவில் ஒருவர், "கடனை வாங்கிக்கொண்டு மறுபடி எங்காவது போய்விட்டால்?" என்றார். வேறொருவர் அப்பெண்ணின் பெயரைப் பற்றி ஊரில் பேசுவதை எடுத்துச் சொன்னார். ஆலையில் உழைத்துத் திரும்பியவளைப் பற்றி ஊர் என்ன பேச இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. விண்ணப்பம் ஒத்திவைக்கப்பட்டது. இப்பொழுது அவள் முந்திரி ஆலைக்குப் போவதாகக் கேள்வி.

அவளுக்கு விடுதலைச் சான்றிதழும் கிடையாது. யாரும் மீட்கவில்லை, தானே திரும்பி வந்தாள். அரசுக் கணக்கில் அவள் இல்லை. ஆகவே சட்டம் எவ்வளவு திருத்தப்பட்டாலும் அவளிடம் போய்ச் சேராது. அவளை அறிந்த ஒரே ஸ்தாபனம் நம் சங்கம். அதுவும் கதவை மூடியது.

1904-இல் திருவள்ளூருக்கு அருகே திரூரில் தமிழ்நாட்டின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியபோது, அதன் நோக்கம் என்ன? லேவாதேவிக்காரனிடம் உழவன் சிக்கக் கூடாது என்பது. ஜாமீன் இல்லாதவனுக்கு ஜாமீனாகச் சங்கமே நிற்கும் என்பதுதான் கூட்டுறவின் சாரம். நாளடைவில் நாம் ஜாமீன் உள்ளவர்க்கு மட்டும் கடன் கொடுப்பவர்கள் ஆகிவிட்டோம். லேவாதேவிக்காரனோ இன்னும் ஜாமீன் இல்லாதவனையே தேடிப் போகிறான். அவன் தொழிலை அவன் நன்கு அறிந்திருக்கிறான். திரூர் இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில், கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் மாவட்ட நிருவாகத்தின் துணையோடு தாங்களே செங்கற்சூளை நடத்தத் தொடங்கியிருக்கின்றனர். பிறர் சூளையில் அடைபட்டுக் கிடந்தவர்கள் தம் சூளைக்குத் தாமே நெருப்பு மூட்டுகின்றனர். அதே மண், அதே அச்சு, அதே கைகள். கணக்குப் புத்தகம் மட்டும் கை மாறியிருக்கிறது. இருளர் செய்யக் கூடியதை, நூறாண்டு மரபு பேசும் நெசவாளர் சங்கங்கள் செய்யக் கூடாதா?

சிலர் ஆட்சேபிப்பர். சங்கமே நட்டத்தில் இருக்கிறது, கூலி பாக்கி, தேங்கிய துணி அலமாரியில், இதில் ஊர்த் தொண்டு எதற்கு என்பர். அந்த ஆட்சேபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இரணியலிலும் வடசேரியிலும் தறிச் சத்தம் குறைந்துகொண்டே வருவதை நாமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் தறி குறைவதற்குக் காரணம் என்ன? நெய்ய ஆள் இல்லை என்கிறோம். நெசவாளர் மக்கள் வேறு வேலைக்குப் போய்விட்டனர் என்கிறோம். நெய்யத் தெரிந்த, நெய்ய விரும்பிய ஒரு பெண் வாசலில் வந்து நின்றபோது ஜாமீன் கேட்டதும் நாமே. இதைத் தொண்டு என்று எண்ணுவது பிழை. தறிக்கு ஆள் சேர்க்கும் வழி என்று எண்ணிப் பார்க்கலாம்.

நூல் விஷயத்திலும் நம்மால் இயன்றது சிறிது உண்டு. ஒரு சங்கம் ஆண்டில் வாங்கும் நூல் ஆலைக்கு ஒரு பொருட்டாகாது. எனினும் சங்கங்கள் தேசிய கைத்தறி வளர்ச்சிக் கழகத்தின் வழியே நூல் பெறும்போது, எந்த ஆலையின் நூல், அங்கே விடுதியில் இருக்கும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை வெளியே போய் வரலாமா, கூலி மாதந்தோறும் அவரவர் வங்கிக் கணக்கில் போகிறதா என்று எழுதிக் கேட்கலாம். ஒரு சங்கம் கேட்டால் பதில் வராது. மாவட்டத்துச் சங்கங்கள் எல்லாம் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டால் பதில் வரும். ஆரல்வாய்மொழியில் கூட்டுறவு நூற்பாலை உண்டு. நம் தேவைக்கேற்ற எண் அங்கே கிடைக்குமானால் முதலில் அதைக் கேட்பதே முறை.

வரும் பொதுக்குழுவுக்கு நிர்வாகக் குழு மூன்று திருத்தங்களை முன்வைக்க உத்தேசித்திருக்கிறது. விடுதலைச் சான்றிதழ் பெற்றவருக்கும், சான்றிதழ் இல்லாமலே திரும்பி வந்தவர் என்று ஊராட்சி உறுப்பினர் ஒருவரும் சங்க அங்கத்தினர் இருவரும் எழுதிக் கொடுப்பவருக்கும் ஜாமீன் கேட்பதில்லை. பொது நல நிதியே ஜாமீனாக நிற்கும். அத்தகையோரின் பங்குத் தொகையை முதலாண்டுக் கூலியில் தவணையாகப் பிடித்துக்கொள்வது. கோட்டக் கண்காணிப்புக் குழுவில் கடன் நிறுவனங்களின் சார்பில் நம் வட்டாரத்துக் கூட்டுறவுச் சங்கங்களிலிருந்து ஒருவரை நியமிக்குமாறு பத்மநாபபுரம் கோட்டாட்சியருக்கு எழுதுவது. முதலாவதைப் பற்றிக் கூட்டத்தில் கடும் வாதம் நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம், நடக்க வேண்டும். நிதி எவ்வளவு இருக்கிறது, எத்தனை தறிக்கு அது தாங்கும் என்ற கணக்கு இவ்விதழின் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. நம் கணக்கில் அது மூன்று தறிக்குத் தாங்கும்.

ஒத்திவைத்த விண்ணப்பம் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. பொதுக்குழு நடக்கும் நாளில் வரும்படி அந்தத் தாய்க்கு ஆள் அனுப்பியிருக்கிறோம். அவர் வருவாரா என்று தெரியவில்லை.